பவுசர் வரும் என்று சொன்ன குரல்

2022 ஜூன். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஷெட், அதாவது எரிபொருள் நிலையம். மண்ணெண்ணெய் வரிசையில் ஆட்களைவிடக் கேன்கள்தான் அதிகம். ஒவ்வொரு கேனிலும் பெயின்ட்டில் ஓர் இலக்கம். எல்லாவற்றையும் கைப்பிடி வழியாக ஒரே கயிற்றில் கோர்த்துக் கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கடை வாசல்களில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் கேள்விப் படிவங்களோடு போனேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஓர் அக்கா என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எண்ணெய் வருமா வராதான்னு அதுல போட்டிருக்கா மிஸ்?”

அப்போது நான் ஒரு சமூக ஆய்வில் களப்பணியாளர். எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் மக்களிடம் எந்த அரசியல் பிரசாரம் போய்ச் சேர்கிறது, அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. படிவத்தில் ஒரு கேள்வி: “இணையத்தில் வரும் அரசியல் செய்திகளை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?” ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட வேண்டும்.

அக்கா சொன்னார், “இணையமெல்லாம் நான் பாக்குறதில்ல மிஸ். வட்ஸ்அப் மட்டும்தான்.”

விதிப்படி “இணையம் பாவிப்பதில்லை” என்ற கட்டத்தில் அடையாளமிட்டு அடுத்த ஆளிடம் போயிருக்க வேண்டும். அதற்கு முன்பு பலரிடம் அப்படித்தான் செய்திருந்தேன். அன்று எண்ணெய் கொண்டுவரும் பவுசர் லொறி வரவில்லை. எனக்கும் ஊர் திரும்ப பஸ் இல்லை. அதனால் அங்கேயே உட்கார்ந்து அக்காவின் போனைப் பார்த்தேன்.

பக்கத்துத் தோட்டத்தில் ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பி நடத்தும் குழு அது. எழுத்து மிகக் குறைவு, எல்லாம் குரல் பதிவுகள். “நாளைக்கு விடிய நோர்வூட்டுக்கு பவுசர் வருது. அஞ்சு மணிக்கு முன்னாடி போய் டோக்கன் எடுத்துருங்க.” சொன்னபடியே பவுசர் வந்திருக்கிறது. ஷெட்டில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டுத்தான் சொல்கிறானாம். எந்த ஊருக்கு எப்போது வரும் என்று தோட்டத்து மக்களுக்கு வேறு யாரும் சொல்லவில்லை. பல மணி நேரம் கரண்ட் இல்லாததால் எல்லாருடைய போனிலும் சார்ஜ் இருக்காது. யாரிடம் இருக்கிறதோ, அவர் போனைச் சுற்றி லயமே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளே, கூடி அந்தக் குரலைக் கேட்கும்.

இரண்டு பவுசர் செய்திகளுக்கு நடுவே வேறு பதிவுகள் இருந்தன. ஒன்று, தம்பி எங்கிருந்தோ வாங்கி அனுப்பியது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவில் தண்ணீருக்கு வெளியே தெரியும் படம். கூடவே ஒரு குரல்: வேண்டுமென்றே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்வெட்டு போடுகிறார்கள், ஒரு கட்சி ஆட்சிக்கு வரத்தான் இத்தனையும் என்று.

இது இங்கே ஏன் எடுபடுகிறது என்று கொழும்பில் இருந்து பார்த்தால் புரியாது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்கள் நம் கண் முன்னால் இருக்கின்றன. தண்ணீர் இறங்குவதைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்தே பார்க்கலாம். நீர்மட்டம் குறைந்தது உண்மை. கோவில் வெளியே தெரிவதும் வறட்சிக் காலங்களில் நடப்பதுதான். அந்த வருட ஆரம்பத்தில் மழை இல்லை. டொலர் இல்லாததால் அனல் மின் நிலையங்களுக்கு எண்ணெய் வாங்க முடியவில்லை. அந்தப் பாரம் நீர்மின் நிலையங்கள்மேல் விழுந்தது. மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணி நேரம். அந்தக் குரல் சொன்னதில் காரணம் மட்டும்தான் பொய். கண்ணால் பார்த்தது உண்மையாக இருக்கும்போது, அதோடு ஒட்டிவரும் காரணத்தைப் பிரித்தெடுப்பது லேசான காரியம் இல்லை.

பேட்டியின்போது பதில் சொல்பவரைத் திருத்தக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முறை. அதில் நியாயம் உண்டு, நாம் திருத்தினால் அடுத்த பதில் நமக்காகச் சொல்லும் பதிலாகிவிடும். ஆனால் 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்ததையும், அதற்கு முன்னும் பின்னும் போன்களில் என்னென்ன சுற்றியது என்பதையும் அறிந்தவள் நான். இந்த மலையில் பொய்ச் செய்தியை வெறும் தரவாக மட்டும் என்னால் பார்க்க முடியாது. படிவத்தை மூடி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரியா இருக்கும் மிஸ். ஆனா அந்தத் தம்பி சொல்லித்தானே எனக்கு எண்ணெய் கிடைச்சுச்சு.”

அன்றிரவு என் குறிப்பேட்டில் அந்த ஒரு வரியைத்தான் எழுதினேன். நாங்கள் பிரசாரத்தை ஒரு பக்கமும் தட்டுப்பாட்டை மறுபக்கமும் வைத்து, ஒன்று மற்றொன்றை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கப் பார்த்தோம். வரிசையில் அவை இரண்டும் ஒரே குரலில் வந்தன. பவுசர் செய்தி சம்பாதித்த நம்பிக்கையை அரசியல் செய்தி செலவழித்துக்கொண்டிருந்தது. அந்தத் தம்பி எந்தக் கட்சிக்காரனும் இல்லை. வந்ததை எல்லாம் அனுப்பினான். ஜனங்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம்தான் அவனுக்கு.

ஆய்வின் இன்னொரு பகுதியை கிரவுட்டேங்கிளை வைத்துச் செய்தார்கள். பேஸ்புக்கின் பொதுப் பக்கங்களில் எந்தப் பதிவு எவ்வளவு பகிரப்பட்டது என்று காட்டும் கருவி. 2024 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் அதை மூடிவிட்டது. அது இருந்த காலத்திலும் வட்ஸ்அப் குழுக்களின் குரல்கள் அதில் விழுந்ததில்லை. 2022 ஏப்ரல் 3 அன்று அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது, அன்று பிற்பகலே மீண்டும் திறந்தது. வரைபடத்தில் அது ஒரு பள்ளமாகத் தெரிந்தது. அந்த நாளைப் பற்றித் தோட்டத்தில் கேட்டபோது பலரும், “அன்னிக்கும் கரண்ட் இல்ல” என்றார்கள்.

சரி, இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஆய்வை நடத்தியவர்கள் உடனே ஏற்கவில்லை. ஒரே வரிசையில் கேட்டதைக் கொண்டு படிவத்தை மாற்ற முடியுமா என்றார்கள். நியாயமான கேள்விதான். இன்னும் நான்கு ஷெட்களில் நின்று கேட்டேன். ஊருக்கு ஊர் ஆள் மாறினார். ஓரிடத்தில் கடைக்காரர், ஓரிடத்தில் டியூஷன் வாத்தியார். கதை ஏறத்தாழ ஒன்றுதான்.

இரண்டாம் சுற்றுக்குப் போனபோது, 87 ரூபாவாக இருந்த ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் 340 ரூபா ஆகியிருந்தது. லய வாசல்களில் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். படிவத்தின் முதல் கேள்வியும் மாறியிருந்தது: “போனில் வந்த செய்திகளில் கடைசியாக உங்களுக்கு உண்மையிலேயே உதவியது எது? அதை அனுப்பியவர் யார்?”

நான் வாசித்து முடிக்கும் முன்பே அந்த அக்கா சொல்ல ஆரம்பித்துவிட்டார். செவ்வாய்க்கிழமையாம், விடிய நாலரையாம், தூறலாம். அவருடைய கேன் இலக்கம் 64.