சின்னக் கோடு, பெரிய கோடு

2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று. திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் சட்டென நகரும். இடமா வலமா என்று சொல்ல வேண்டும். சின்ன வட்டத்துக்குள் நகர்ந்தபோது ஐக்யூ கூடியவர்கள் வேகமாகக் கண்டுபிடித்தார்கள். திரையில் பெரிய இடத்தை நிரப்பி நகர்ந்தபோதோ அவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள்! பெரிய பரப்பாக அசைவது பெரும்பாலும் பின்னணிதான் என்று அவர்கள் மூளை அதை அடக்கிவிடுகிறதாம். எனக்கு இந்த இரண்டாம் பாதிதான் ருசி.

வியாசர்பாடி கேரம் கிளப்பில் சொன்னேன். "அதாண்ணா, காய்க்குக் குறி வெச்சா எதிர்ல உக்காந்திருக்கிறவன் கண்ணுக்கே தெரியறதில்ல" என்றான் ஒரு தம்பி. டேய், அது பழகி வந்த கவனம். இது கண்ணிமைக்கும் நேரத்தில் மூளை தானாகச் செய்வது. சொன்னால் கேட்கிறானா? ஏற்கெனவே தன்னை மேதைகள் பட்டியலில் சேர்த்துவிட்டான்.

அப்புறம், அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் முதல் சோதனையில் 12 பேர், அடுத்ததில் 53 பேர், அவ்வளவுதான்.