பாக் வருவதற்கு முன்பே முடிந்த பேச்சு

புதுப்பாடல்களைத் துரத்திப் பிடிப்பது ஐம்பதைக் கடந்தவர்களுக்கு ஆகிற வேலையன்று. வெள்ளிக்கிழமை மாலை என் மகன் கைப்பேசியில் அனுப்பும் பாடலை ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் கேட்டுவிட்டு, திங்களன்று “நன்றாயிருக்கிறதடா” என்று சொன்னால், ஊசிப்போன வடையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து, “அது பழசாகிவிட்டதே அப்பா” என்கிறான். எப்படியும் பழசைத்தான் கேட்கப்போகிறேன் என்றால், உருப்படியான பழசாகவே கேட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றியது.

போகிக்காகப் பரணை ஒழித்தபோது அகப்பட்ட கேசட் பெட்டியில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ இருந்தது. அதை வாங்கியது யார் என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை தகராறுதான். 1986-இல் வெளிவந்த அந்தத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை ஜே. எஸ். பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கியிருந்தார். பின்னால் ஒரு படமில்லை, நாயகனில்லை, வாய்விட்டுப் பாட வரிகளுமில்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அதற்கு யார் இடம் கொடுப்பார்கள்?

டேப் ரிக்கார்டர் என்றைக்கோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டதால், கைப்பேசியில் தேடிப் போட்டேன். வி. எஸ். நரசிம்மனின் வயலின் உருகத் தொடங்கியதும், உள்ளறையிலிருந்து மாமியார், “எந்த சீரியலில் யார் போய்விட்டார்கள்?” என்று பதறிக் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் உறுதி கூறியபிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

இத்தொகுப்பில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று உண்டு. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைக்கோவையின் முகப்பிசை ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் நம்மூர்க் கமகங்களோடு இன்னொரு வயலின், அழைப்பில்லாமலே பந்தியில் உட்காரும் உரிமையுள்ள உறவினரைப்போல வந்து சேர்ந்துகொள்கிறது. அதற்கடுத்தது ‘அண்ட் வி ஹேட் எ டாக்’; அதாவது, வீட்டுக்கு வந்த பாக்குடன் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால் என் கைப்பேசிச் செயலியோ வரிசையைத் தன்னிஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டதால், பாக் வாசற்படியை மிதிக்கும் முன்பே பேச்சு முடிந்துவிட்டது. பிறகு கேசட்டின் அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, ஒவ்வொன்றாக வரிசைப்படி போட்டுக் கேட்டேன். கேசட் இருந்த காலத்தில் இந்த வம்பு கிடையாது. ஒரு பக்கம் முடியும்வரை பேசாமல் கேட்டாக வேண்டும்.

இப்போது யாராவது “புதுப்பாட்டு கேட்டாயா?” என்றால், “நான் இன்னும் 1986-ஐ முடிக்கவில்லை, அடுத்து 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ காத்திருக்கிறது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

மகன் மட்டும் விடவில்லை. அரைமனதாகக் கேட்டுவிட்டு, அந்த வாரத்துப் புதுப்பாடலில் இதைவிட வயலின் தூக்கலாக இருப்பதாக வாதாடினான். நான் பதில் பேசாமல் அட்டையில் ‘டோன்ட் கம்பேர்’ என்றிருந்த தலைப்பை விரலால் சுட்டிக் காட்டினேன். அவன் அதற்கடுத்த தலைப்பையும் படித்தான்: ‘டூ எனிதிங்’. “அவரே அனுமதி கொடுத்துவிட்டார் அப்பா” என்று சொல்லிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.