உதகை உருளைக்கிழங்கும் அதன் நூற்புழுவும்

நட்டு இரண்டு மாதமான உருளைக்கிழங்குச் செடி ஒன்றை, வேர் அறுபடாமல் மண்ணோடு பெயர்த்து மெல்ல உதறிப் பாருங்கள். நூற்புழு தாக்கிய வயலாக இருந்தால், கசகசாவைவிடச் சிறிய வெண்ணிற, மஞ்சள் நிற மணிகள் வேரில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு பெண் புழு.

புழு என்று நம்புவதற்கு அதன் உடலமைப்பு தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளின் குடலில் வளரும் உருளைப்புழுவும் இதுவும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மூச்சுறுப்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. வாயிலிருந்து மலவாய் வரை நீளும் ஒரு குடல், அதைச் சுற்றி அழுத்தத்தில் நிற்கும் நீர்மம், வெளியே உறுதியான மேல்தோல் ஆகியவையே உடலின் பெரும்பகுதி. மண்புழுவுக்கு இருப்பதுபோல் வளையத் தசைகள் இல்லாமல், நீளவாட்டுத் தசைகள் மட்டுமே இருப்பதால், இவை உடலைச் சுருக்கி விரிக்க இயலாமல் நெளிந்து நெளிந்தே நகர்கின்றன. வளர்வதற்கு நான்கு முறை தோலுரிக்கின்றன.

உருளைக்கிழங்கைத் தாக்கும் இனத்தில் முதல் தோலுரிப்பு முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளிவரும் இளம்புழு, வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் வேரைத் துளைத்து உள்ளே புகுந்து, அங்குள்ள செல்களைத் தனக்கு உணவூட்டும் செல்களாக மாற்றிவிடுகிறது. பெண் புழு இருந்த இடத்திலேயே உருண்டு பருத்து, நகரும் திறனை இழந்து, தலையை வேருக்குள் வைத்தபடி உடலை வெளியே தள்ளுகிறது. ஆண் புழுவோ கடைசிவரை நூல் வடிவிலேயே இருக்கும். வேரில் நெரிசல் மிகுந்து உணவு குறைந்தால் ஆண்கள் பெருகும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வியப்பளிப்பது.

பெண் இறந்தபின் தோல் பழுப்பேறி இறுகி, இருநூறு முதல் ஐந்நூறு முட்டைகள் வரை காக்கும் கூடாகிறது. முட்டைக்குள் இளம்புழுவைச் சூழ்ந்துள்ள டிரெஹலோஸ் என்னும் சர்க்கரைக் கரைசல் அதை நீரிழந்த நிலையில் உறங்கவைக்கிறது. உருளைக்கிழங்கு வேரில் கசியும் வேதிப்பொருள் முட்டையோட்டின் ஊடுருவும் தன்மையை மாற்ற, சர்க்கரை வெளியேறி, நீர் உட்புகுந்து, புழு விழிக்கிறது. பயிரே இல்லாவிட்டாலும் இருபது ஆண்டுகள்கூடச் சில முட்டைகள் உயிரோடு காத்திருக்கும்.

நீலகிரியில் 1961-இல் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இதை உதகையில் கண்டறிந்தார். பரவாமல் தடுக்க, இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதற்கு 1971-இல் தடை வந்தது. முத்தொரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இந்த மாவட்டத்துக்கெனக் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்கள் வந்தன. இத்தகைய ரகங்களின் வேரிலும் இளம்புழு நுழையத்தான் செய்யும். ஆனால் உணவூட்டும் செல்கள் சரிவர உருவாகாததால் பெண் புழுக்கள் பருத்து முட்டையிடும் நிலையை எட்டுவது அரிது.

கேரட், முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றிப் பயிரிடும்போதும், ஆண்டுதோறும் ஒரு பகுதி முட்டைகள் தாமாகவே பொரிந்து, உணவின்றி இளம்புழுக்கள் மடியும். ஆனால் கேரட் பாத்தியில் விடுபட்ட கிழங்கிலிருந்து தானாக முளைக்கும் உருளைச் செடிகளை உடனே பிடுங்க வேண்டும். அந்த வேர்களிலும் புதிய கூடுகள் உருவாகும்.