மாடிப்படி லைட்டு

மாடிப்படிக்குக் கீழ இருந்த சுவிட்ச் உடைஞ்சிடுச்சு. எலக்ட்ரீஷியன் வந்து புதுசு மாட்டிட்டு காசையும் வாங்கினு போயிட்டார். ராத்திரி அம்மா மேலேருந்து கத்துறாங்க: "இன்னாடா இது, கீழ நிறுத்திட்டா மேல லைட்டே எரிய மாட்டேங்குது!"

கழட்டிப் பாத்தா ஒன்வே சுவிட்ச். ரெண்டே முனை. மிச்சமிருந்த மூணாவது ஒயருக்கு டேப் சுத்தி உள்ள திணிச்சிருக்கார், மகராசன்.

படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும், எங்கேருந்து வேணும்னாலும் போட்டு நிறுத்தற டூவே சுவிட்ச் வேணும். வெளிய பாத்தா ஒன்வேயும் டூவேயும் ஒண்ணுதான், பின்பக்கம் மூணு முனை இருக்கானு பாத்து வாங்கணும். லாங்கு பஜார்ல 6 ஆம்பியர்ல ஒண்ணு வாங்கியாந்தேன். மூணு முனைல பொதுவானதுக்குப் பேரு காமன். எங்க வீட்ல கீழ காமன்ல பேஸ், அதாவது கரண்ட் வர்ற ஒயர், வருது, மேல காமன்லேருந்து பல்புக்குப் போகுது. நடுவுல ஓடுற ரெண்டு ஒயரும் இடம் மாறினா பரவால்ல, காமன் மாறக்கூடாது.

பழைய வீடு, மூணு ஒயரும் ஒரே சிவப்பு! கரண்ட்டை நிறுத்தற எம்சிபி சுவிட்ச்சை இறக்கிட்டு, மூணையும் பிரிச்சு தள்ளித் தள்ளி விட்டேன். திரும்பப் போட்டு டெஸ்டர் வச்சா ஒண்ணுல மட்டும் பளிச்னு எரியுது. அதான் பேஸ். மறுபடி இறக்கிட்டுதான் கை வச்சேன். 230 வோல்ட்டுங்க, விளையாட்டில்ல.

இப்ப மொட்டை மாடிலயும் ஒரு சுவிட்ச் வேணுமாம் அம்மாவுக்கு. மூணு இடம்னா நடுவுல நாலு முனை இன்டர்மீடியட் சுவிட்ச் போடணும். கடைக்காரர் ஆர்டர் போட்டுத்தான் வரணும்ன்றார்.