மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்

டென்டல் மெக்கானிக் டிப்ளமோ, இரண்டு வருடப் படிப்பு, சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். செட் பல், கேப், பிரிட்ஜ் எல்லாம் லேபில் உருவாவது எங்கள் கையில்தான். 1948 பல் மருத்துவர் சட்டத்திலேயே இந்த வேலைக்குத் தனிப் பதிவு ஏற்படுத்தினார்கள், பலருக்குத் தெரியாது.

இப்போது மெழுகுக் கட்டையில் பல் செதுக்குகிறோம். மேல் முதல் கடைவாய்ப்பல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது: நான்கு மேடு, நடுவில் பள்ளம், சிலருக்கு உள்பக்கம் ஐந்தாவதாக ஒரு குட்டி மேடும் இருக்கும், கரபெல்லி என்பார்கள். நேற்று கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட, மேடு பெயர்ந்து மூன்று மணி நேர உழைப்பு போயிற்று, அழுகையே வந்துவிட்டது. அப்புறம் சார், "உன் பல்லையே நாக்கால் தடவிப் பாரும்மா" என்றார். தடவினேன். படத்தில் பிடிபடாத சரிவு அங்கே பிடிபட்டது.

இன்று புதுக் கட்டை எடுத்திருக்கிறேன்.