மூன்று வாரம் அசையாத ஜெட் பம்ப்

நேற்று சாயங்காலம் என் ஜெட் படகின் இடது பம்ப் (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சிப் படகைத் தள்ளுவது) கையோடு வந்துவிட்டது. மூன்று வாரமாக இதே நினைப்புதான். ஆபீசில் மீட்டிங்கில் இருக்கும்போதுகூட அந்த நாலு போல்ட் ஓட்டைகள்தான் கண்ணுக்குள் நின்றன. அதனால் வேலை முழுசாக முடியாவிட்டாலும் இந்தக் கட்டத்தை இன்றே எழுதிவிடுகிறேன்.

படகு, யமஹா 21 அடி, இரட்டை எஞ்சின். இருக்கும் இடம் ஃப்ளோரிடா, ஓடுவது டாம்பா வளைகுடாவின் உப்புத் தண்ணீரில். போன வருடம்தான் இரண்டாம் கையாக வாங்கினேன். கடைசியாக ஓட்டியபோது இடது எஞ்சினில் ஆர்பிஎம் மட்டும் ஏறியது, உந்துதல் இல்லை. அடியில் படுத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் இம்பெல்லருக்கும் (பம்புக்குள் சுற்றும் இறக்கைச் சக்கரம்) அதைச் சூழ்ந்த சுற்றுவளையத்துக்கும் நடுவே 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. 0.6 தாண்டினாலே மாற்ற வேண்டியதுதான். கையால் சுற்றினால் பேரிங்கும் கரகரத்தது. ஒரு மரீனாவில் விசாரித்தேன். கழற்றுவதற்கு மட்டும் அவர்கள் சொன்ன கூலியில் புது இம்பெல்லரே வாங்கிவிடலாம். சரி, நாமே இறங்குவோம் என்று முடிவு செய்தேன்.

பக்கெட் (ரிவர்ஸ் போகத் தண்ணீரைத் திருப்பும் மூடி), நாசில் (தண்ணீர் பீச்சும் வாய்), கேபிள், ஹோஸ் கழற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்டியரிங் கேபிளின் முனையைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவிட்டேன். மாட்டும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்காமல் இருக்க அது போதும். நாலு போல்ட்டில் மூன்று சமர்த்தாக வந்தன. நாலாவது கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. அதற்கப்புறம் பம்ப் மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றுவிட்டது.

முதல் இரண்டு வாரம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், இழுத்தேன். ராட்செட் ஸ்ட்ராப்பைப் பம்பில் சுற்றி, பின்னால் நிற்கும் ஓக் மரத்தில் கட்டி முறுக்கினேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தும் ட்ரெய்லர்தான் மெல்ல நகர்ந்ததே தவிர பம்ப் மயிரிழைகூட அசையவில்லை. இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஸ்ட்ராப் அறுந்தால் முகத்தில்தான் வந்து அடிக்கும். பம்ப் கோணலாக இழுபட்டால் அலுமினிய வார்ப்பு விரிசல் விடும்.

இரண்டாம் ஞாயிறு ஸ்ட்ராப்பை அவிழ்த்துப் போட்டுவிட்டு, எங்கேதான் பிடித்திருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். மூன்று இடத்தில் பிடிக்கலாம். ஒன்று, சுற்றிலும் பூசிய சிலிகான். முறுக்கிய மீன்பிடி நரம்பை இடுக்கில் நுழைத்து, இரண்டு கையாலும் ரம்பம் மாதிரி இழுத்து அறுத்தேன். பிளேடு போகாத மூலைக்கெல்லாம் நரம்பு போகிறது. இரண்டாவது, எஞ்சினிலிருந்து வரும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன், அதாவது பம்போடு கோத்துக்கொள்ளும் பல்வரிசை. இம்பெல்லரைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாகத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று நூலளவு ஆட்டம் தெரிந்தது. ஸ்பிளைன் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அந்த ஆட்டம் இருக்காது. ஆக, மிச்சம் இருப்பவை பம்பைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் இரண்டு டவெல் பின்கள். விரல் நீளம்கூட இல்லாத இரண்டு துண்டுகள்!

எவர்சில்வர் பின், அலுமினிய ஓட்டை, நடுவில் உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அரிப்பு அலுமினியத்தில்தான் விழும். அரித்து வரும் வெள்ளைக் களிம்பு பழைய உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் பின்னைச் சுற்றி ஆப்பு அடித்தது போல இறுகிவிடுகிறது. முன்பு வைத்திருந்தவர் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டு ஃப்ளஷ் செய்ததாகச் சொன்னார். நம்புகிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் எஞ்சினின் குளிர்விப்பு வழியாகத்தான் ஓடுகிறது, பின் இருக்கும் ஓட்டைக்குப் போவதே இல்லை. அதைக் காப்பாற்ற கிரீஸ் தவிர வேறு வழி கிடையாது.

பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார், தூத்துக்குடிக்காரர். அவருடைய அப்பா விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் வேலை பார்த்தவர். வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, இழுத்தீங்கன்னா ரெண்டு பின்னும் சேர்ந்து கவ்விக்கும். ஒரு பக்கம் கால் நூல், மறு பக்கம் கால் நூல்னு ஆட்டி ஆட்டி எடுங்க. கால் நூலுக்கு மேல ஆசைப்படாதீங்க. வெளிய வந்ததைத் திரும்ப உள்ள தட்டுங்க” என்றார்.

உள்ளே தட்டுவதா? மூன்று வாரம் பாடுபட்டு வெளியே எடுத்ததையா? எனக்கு மனசே வரவில்லை. ஆனால் வேலை நடந்தது அதில்தான்.

செய்த முறை இதுதான். கெட்டியான ஓக் கட்டையில் நாலு மெல்லிய ஆப்பு சீவினேன். இரும்பு ஆப்பு வேண்டாம், அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் அந்த வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சும். பின் இருக்கும் இரண்டு மூலைகளிலும் ஹீட் கன் காட்டினேன். அலுமினியம் எவர்சில்வரைவிடக் கூடுதலாக விரியும், ஒரு டிகிரிக்கு எவர்சில்வர் 17 என்றால் அலுமினியம் 23 என்ற கணக்கில். கை வைத்தால் பொறுக்காத சூடு போதும். பின்னால் இருப்பது ஃபைபர், எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி நிற்கும், ஆகவே தீச்சுடர் கூடவே கூடாது. ஹீட் கன் காட்டுவதற்கே படகின் பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டு, மோந்து பார்த்த பிறகுதான் தொட்டேன்.

சூடு ஆறும்போது பெனட்ரேட்டிங் ஆயில். மேல் இடது மூலையில் ஆப்பை வைத்து ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. ஃபீலர் கேஜ் 0.15 காட்டியது. கீழ் வலது மூலையில் இரண்டு தட்டு, 0.10. அப்புறம் ஆப்பை எடுத்துவிட்டுப் பம்பை முன்னால் தட்டி மறுபடி உட்காரவைத்தேன். மீண்டும் எண்ணெய், மீண்டும் ஆப்பு. நாலாவது சுற்றில் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு கசிந்தது, திருநீறைக் குழைத்தது மாதிரி. விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்றது. அந்தக் களிம்புதான் இவ்வளவு நாள் பிடித்துவைத்திருந்தது. வெளியே போகும்போது அதுவே அடைத்துக்கொள்கிறது, உள்ளே தட்டினால்தான் பொடிந்து எண்ணெயோடு வழிகிறது. ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருந்திருந்தால் வருடக்கணக்கில் வந்திருக்காது.

அதன்பின் அவசரப்படவில்லை. நாலு நாள் சாயங்காலம் முக்கால் மணி நேரம் வேலை, ராத்திரி முழுக்க ஊற விடுதல். 0.3, 0.8, 2 மில்லிமீட்டர். நேற்று 5 தாண்டியதும் விரல் நுழைந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன், ‘பொளக்’ என்று மடியில் வந்து விழுந்தது. ஒரு பின் பம்போடு வந்தது, மற்றது படகிலேயே நின்றுவிட்டது. அதைச் சுற்றி உப்பு ஓடு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது.

இவ்வளவு கஷ்டத்துக்கும் இந்த ஜெட் முறையை விட மனசில்லை. டாம்பா பக்கம் தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுதான், மானட்டிகள் (கடல்பசுக்கள்) வேறு மேய்ந்துகொண்டிருக்கும். வெளியே சுற்றும் இறக்கை கிடையாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. நியூசிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டுவதற்காகத்தான் பில் ஹாமில்டன் 1954-ல் இதில் இறங்கினார். 1977-ல் எட்மண்ட் ஹிலாரி கங்கை முகத்துவாரத்திலிருந்து இமயமலையை நோக்கி எதிர்நீச்சல் போட்டதும் ஜெட் படகுகளில்தான். அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்தே இப்படி ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்.

உள்ளே பார்த்தால் சுற்றுவளையத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கோடு, சுற்றிலும். சிப்பி ஓடு ஏதாவது போயிருக்கும். இம்பெல்லரின் இரண்டு இறக்கைகள் நுனியில் மழுங்கியிருக்கின்றன. சோலாஸ் கம்பெனியின் புது இம்பெல்லர் வாங்குவதா, இதையே தீட்டுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. டவெல் பின்னை ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினேன், அளவு தப்பாக வந்தது. திருப்பி அனுப்பும் செலவு பின்னின் விலையைவிட அதிகம். இனிமேல் டீலர் கவுண்டரில் பாகத்தின் எண்ணைச் சொல்லி நேரில்தான் வாங்குவேன். பின்னுக்கும் போல்ட்டுக்கும் டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுப்புப் பசை, ஸ்பிளைனுக்கு மரைன் கிரீஸ் வாங்கிவைத்துவிட்டேன். செம்பு கலந்த ஆன்ட்டி-சீஸை (மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் பசை) அலுமினியத்தில் பூசவே பூசாதீர்கள், அரிப்பு இன்னும் வேகமாகும்.

இம்பெல்லர் இன்னும் ஷாஃப்ட்டிலிருந்து கழலவில்லை. யமஹாவில் அது இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். பிடித்துச் சுற்றும் டூல் புதன்கிழமை வருகிறது. பேரிங், சீல் இரண்டையும் அப்போதே மாற்றிவிடுவேன். வலது பம்ப் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் அதே எட்டு வருட உப்பு அதற்குள்ளும் இருக்கிறது. ஆப்புகளைத் துடைத்து எடுத்துவைத்துவிட்டேன். இன்று காலையில் அந்தப் பக்கத்து இடுக்கிலும் முதல் சொட்டு எண்ணெய் விட்டாயிற்று.