எங்கள் டாஷ்ஹண்டின் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை

குட்டு எங்கள் வீட்டு நாய், நீள உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட். இந்த இனத்துக்கு முதுகெலும்புகளின் நடுவே மெத்தை மாதிரி உள்ள டிஸ்க் சின்ன வயதிலேயே வறண்டு சுண்ணாம்பு ஏறிவிடும். அப்புறம் கட்டிலிலிருந்து குதித்தாலே போதும், பிதுங்கிப் போய்த் தண்டுவடத்தை அழுத்தும். முதல் நாள் இரவு முதுகைக் கூனி நடுங்கிக்கொண்டிருந்தவன், விடிந்ததும் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தான்.

தக்கலையில் டாக்டர் அவன் பின்னங்கால் விரலைக் கிடுக்கியால் அழுத்தினார். கால் வெடுக்கென்று மடங்கியது. எனக்கு உயிர் வந்தது. "அது வெறும் அனிச்சை. வலி மூளைக்குப் போகுதான்னு பாக்கணும்" என்று இன்னும் அழுத்தினார். குட்டு திரும்பிப் பார்த்து வீறிட்டான். அந்த உணர்வு இருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலான நாய்கள் நடந்துவிடுமாம். போய்விட்டால் ஏறக்குறைய பாதி வாய்ப்புதான். "நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க" என்றார்.

பக்கத்து வீட்டு மாமி, "வர்ம ஆசான்கிட்ட காட்டி எண்ணெய் தடவு மக்களே" என்றார். வர்மத்தின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் டிஸ்க் பிதுங்கிய முதுகைப் பிடித்துவிடவே கூடாது. நாம் சாப்பிடும் வலி மாத்திரையும் வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும்.

முதுகு வளையாதபடி பலகையில் படுக்கவைத்து, துணியால் கட்டி, களியக்காவிளை தாண்டி கேரளாவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுத்து சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சுண்ணாம்பு ஏறிய துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் மலையாளத்தில் விளக்கினார். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுக்காரர்களுக்கு அதில் என்ன சிரமம்! வழக்கமான முறையில் முதுகுத் தசையை எலும்பிலிருந்து நீளமாகப் பிரிக்க வேண்டும். குட்டுவுக்குச் செய்த முறையில் சிறிய கீறல் போட்டு, தசை இழைகளை விலக்கி ஒரு குழாயை இறக்கி, அதன் வழியே எலும்பில் சிறு திறப்பு செய்து, பிதுங்கியதை எடுக்கிறார்கள். தசைக்குச் சேதம் குறைவு, வலியும் குறைவு.

காயத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் "இவ்வளவுதானா?" என்றார்கள். அங்கேதான் ஏமாந்துபோவோம். கீறல் சின்னது என்பதற்காகத் தண்டுவடம் சீக்கிரம் ஆறாது. வாரக்கணக்கில் கூண்டுதான். வெளியே கொண்டுபோனாலும் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் மூத்திரம். படுக்கை நனைந்திருந்ததைப் பார்த்து அம்மா, "தானாப் போயிட்டான்" என்று சந்தோஷப்பட்டார். நர்ஸிடம் கேட்டபோதுதான், மூத்திரப்பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும் என்று தெரிந்தது. அடிவயிற்றின் இரண்டு பக்கமும் கைவைத்து, மெதுவாக, விடாமல் அழுத்தி வெளியேற்ற அவரே கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். வேளை தவறாமல் செய்யாவிட்டால் பை தளர்ந்துபோகும், தொற்றும் வரும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் வால் ஆடியது. பிறகு ஒரு கால் ஊன்றியது. இப்போது குட்டு நடக்கிறான். திரும்பும்போது மட்டும் இடுப்பு கொஞ்சம் தள்ளாடும். கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு மார்புப்பட்டை போட்டிருக்கிறோம், எடையும் ஏறவிடுவதில்லை. படிப்புரையில் ஏறி இறங்கச் சரிவுப்பலகை வைத்தாயிற்று. கட்டிலுக்கு மட்டும் இன்னும் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.